மேற்கு மாடத்துப் பாடகர்



இங்கிலாந்தின் தென்மேற்குப் பாகத்திலே டோர்செற் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் தலைநகராகிய டோர்செஸ்ரருக்கு அண்மையில், புல்வெளிகளுக்கும் நீரோடைகளுக்கும் இடையே ஸ்ரின்ஸ்போட் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்குள்ள புனித மிக்கேல் ஆலயத்தின் உள்ளே பித்தளைத் தகடு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அதன் வாசகம் இலத்தீன் மொழியில் அமைந்தது. பழைய ஆலயங்களிலே இத்தகைய நினைவுத் தகடுகளைக் காண்போர், அவை யாரேனும் ஒரு பிரபுவுக்கோ படைத்தலைவருக்கோ உரியவை என்றே எண்ணுவர். இத்தகடு அத்தகையதன்று. 1802 முதல் 1841 வரையான நாற்பது ஆண்டுக் காலத்திலே ஒரு தந்தையும் அவருடைய புதல்வர் இருவரும் அந்த ஆலயத்தில் நரம்புக் கருவி வாசித்துப் பணியாற்றினர் என்பதையே அது சொல்கின்றது. அவர்கள் கல்லும் சாந்தும் கொண்டு வீடு கட்டிப் பிழைத்த கொத்தனார் குடும்பத்தினர்.

இத்தகட்டை 1903ஆம் ஆண்டிலே பதிப்பித்தவர்கள் அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரான உடன்பிறந்தார் நால்வர். அவர்களுள் ஒருவர் தோமஸ் ஹார்டி. ஆங்கில நாவலாசிரியர்களுள்ளும் கவிஞர்களுள்ளும் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அவர். உலகம் முழுவதும் தம் பெயர் பரவியிருந்த காலத்திலே, ஊர்க்கோவிலில் பிடில் வாசித்த தம் பாட்டனாரையும் தந்தையாரையும் தந்தையாரின் சகோதரரையும் மறக்கலாகாது என்று அவர் எண்ணினார். அவர் மறக்க விரும்பாத அந்தப் பாடகர் குழுவின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன். அது எப்படி உண்டாயிற்று, எப்படி வாழ்ந்தது, எதனால் மறைந்தது என்பவற்றை அறிந்தால், நம் ஊர்களிலே இன்று பாடிக்கொண்டிருக்கும் சிறு குழுக்களைப் பற்றியும் நாம் சிந்திக்க இடமுண்டாகும்.

தேவாலயம் என்றதும் ஓர்கன் என்னும் பெரிய இசைக்கருவியின் நாதம் பலருடைய நினைவுக்கு வரும். ஆயின், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தின் கிராமக் கோவில்களுட் பெரும்பாலானவற்றிலே ஓர்கன் இருக்கவில்லை. உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலே, 1644ஆம் ஆண்டில், ஆலயங்களிலிருந்து ஓர்கன்களை அகற்ற வேண்டுமெனப் பாராளுமன்றம் கட்டளையிட்டது. பல கருவிகள் உடைக்கப்பட்டன. 1660இல் முடியாட்சி மீண்டபின் பேராலயங்கள் புதிய கருவிகளை அமைத்துக்கொண்டன. ஏழைக் கிராமங்களுக்கு அவ்வசதி இல்லை. அங்கே சங்கீதங்கள், அதாவது விவிலிய வேதத்திலுள்ள தாவீதின் பாடல்கள், செய்யுளாக்கப்பட்டு வாய்ப்பாட்டாகவே பாடப்பட்டன. 1562இல் வெளிவந்த பழைய செய்யுள் நூலும் 1696இல் வெளிவந்த புதிய நூலும் இதற்குப் பயன்பட்டன. எழுத்தறிவில்லாதோர் பலர் இருந்தமையால், குருவானவருக்குத் துணையாயிருந்த ஊர் எழுத்தர் ஒரு வரியை வாசிப்பார். சபையார் அதனைப் பாடுவர். பின்னர் அடுத்த வரியை வாசிப்பார். காலப்போக்கிலே இப்பாட்டு மிக மந்தமாகி, ஒவ்வொருவரும் தத்தம் போக்கிலே இழுத்துப் பாடும் நிலை வந்தது.

இந்தக் குறையை நீக்கும் பொருட்டே பதினெட்டாம் நூற்றாண்டில் கிராமங்கள் தோறும் பாடகர் குழுக்கள் தோன்றின. ஊரூராகச் சென்று பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் இருந்தனர். அவர்களிடம் உழவரும் தச்சரும் சப்பாத்துத் தைப்போரும் மாலை வேளைகளிலே சுரம் படித்தனர். பல குரல்கள் பல நிலைகளிலே சேர்ந்து பாடும்போது சுருதி தவறாதிருக்க ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. அதற்காகத் தாழ்ந்த நாதமுள்ள ஒரு கருவியைச் சேர்த்தனர். பின்னர் வயலின், புல்லாங்குழல், கிளாரினெற் முதலியனவும் வந்தன. இக்குழுவினர் அமர்வதற்காக ஆலயத்தின் மேற்குப் புறத்திலே, வாயிலுக்கு மேலாக, மரத்தால் ஒரு மாடம் கட்டப்பட்டது. பீடம் கிழக்கே, பாடகர் மேற்கே. சங்கீதம் பாடும் வேளை வந்ததும் சபையார் எழுந்து, பீடத்துக்கு முதுகு காட்டி, மேற்கு மாடத்தை நோக்கித் திரும்பி நிற்பது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. இதனாலேயே அக்காலத்து இசையை இன்று மேற்கு மாட இசை என்று குறிப்பிடுகின்றனர்.

ஸ்ரின்ஸ்போட் ஆலயத்திலும் அத்தகைய மாடம் ஒன்று இருந்தது. நாவலாசிரியரின் பாட்டனாரும் தோமஸ் ஹார்டி என்ற பெயரையே உடையவர். 1778இல் பிறந்த அவர், இளமையிலே பக்கத்து ஊராகிய படில்ரவுன் ஆலயத்திலே பாஸ் வயல் என்னும் கருவியை வாசித்து வந்தார். நாம் இன்று செலோ என்று அறிந்துள்ள கருவியை ஒத்தது அது. 1801ஆம் ஆண்டளவிலே அவருடைய தந்தையார் ஸ்ரின்ஸ்போட்டைச் சேர்ந்த மேல் பொக்காம்ரன் என்னும் குறிச்சியிலே அவருக்கென ஒரு கூரைவீட்டைக் கட்டிக் கொடுத்தார். புதிய ஊருக்கு வந்தவர் ஆலயத்துக்குச் சென்று பார்த்தார். இசை மிகச் சீர்கெட்டிருந்தது. அதைக் குறைகூறிக்கொண்டிராமல், தம் கருவியையும் எடுத்துச் சென்று, ஆட்களைச் சேர்த்து, ஒரு குழுவை அமைத்தார். அன்று தொடங்கிய அவருடைய பணி 1837இல் அவர் இறக்கும் வரை நிற்கவில்லை.

அவருடைய புதல்வர்களான தோமசும் ஜேம்சும் வளர்ந்ததும் வயலினோடு குழுவிற் சேர்ந்தனர். ஊரவர் ஒருவர் மூன்றாவது வயலினை வாசித்தார். மூன்று வயலினும் ஒரு பாஸ் வயலும், அவற்றைச் சூழப் பாடகர்களும் என அக்குழு அமைந்தது. ஊதுகருவிகள் இல்லாமல் நரம்புக் கருவிகளை மட்டுமே கொண்டிருந்தமை அதன் சிறப்பு. 1835ஆம் ஆண்டளவில் யார் யார் மாடத்தில் எங்கெங்கே அமர்ந்தனர் என்பதைப் பிற்காலத்தில் நாவலாசிரியர் ஒரு படமாகவே வரைந்து வைத்தார். அவர் அந்த மாடத்தைப் பாடகரோடு கண்டவரல்லர். அவர் பிறந்தது 1840இல். வீட்டிலே மூத்தோர் சொல்லச் சொல்லக் கேட்டு, கண்ணாற் கண்டதுபோல் மனத்திற் பதித்துக்கொண்டார்.

இக்குழுவுக்கு நல்ல துணையாக வாய்த்தவர் எட்வேட் மறே என்னும் குருவானவர். அவர் இசையிலே மிக்க ஆர்வமுள்ளவர். தாம் குடியிருந்த ஸ்ரின்ஸ்போட் மாளிகையிலே குழுவினரை வாரத்தில் இரண்டு மூன்று முறை அழைத்து, அவர்களோடு கூடியிருந்து பயிற்சி நடத்துவார். பகல் முழுவதும் கல்லடுக்கிய கைகள் மாலையிலே வில்லைப் பிடித்தன.

இவர்களுக்குக் கிடைத்த ஊதியம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். தம் நாவலொன்றுக்கு 1896இல் எழுதிய முன்னுரையிலே ஹார்டி இதற்குக் கணக்குக் காட்டுகின்றார். நத்தார்க் காலத்திலே பெருமாளிகையிலிருந்து பத்து ஷிலிங்கும் ஓர் இரவு விருந்தும் கிடைக்கும். குருவானவர் பத்து ஷிலிங் கொடுப்பார். கமக்காரர் ஒவ்வொருவரும் ஐந்து ஷிலிங். குடிசைக்காரர் ஒவ்வொருவரும் ஒரு ஷிலிங். எல்லாவற்றையும் கூட்டிப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டொன்றுக்குப் பத்து ஷிலிங்குக்கு மேல் வராது. நரம்பு வாங்கவும், கருவியைப் பழுதுபார்க்கவும், வில்லுக்குத் தேய்க்கும் குங்கிலியத்துக்கும், சுரம் எழுதும் தாளுக்கும் அது சரியாய்ப் போய்விடும். ஆகவே அவர்கள் செய்தது கூலிக்குச் செய்த வேலையன்று என்பது வெளிப்படை.

அச்சிட்ட இசைநூல்கள் விலை மிகுந்தவை. ஆதலால் குழுவினர் தாமே தாளிற் கோடு கிழித்து, வேலை முடிந்த இரவுகளிலே சுரங்களைப் பிரதி செய்து, வீட்டிலேயே கட்டிப் புத்தகமாக்கிக் கொண்டனர். நம் நாட்டுக் கூத்து அண்ணாவிமார் தம் கூத்துக் கொப்பியைப் பேணுவது போன்றதே இது. அப்புத்தகங்களில் வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு பக்கத்திலிருந்து தொடங்கிச் சங்கீதங்களை எழுதுவர். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து தொடங்கி நடனமெட்டுகளையும் நாட்டுப்பாடல்களையும் எழுதுவர். நாளடைவில் இரண்டும் நடுவிலே வந்து சந்தித்துக்கொள்ளும். ஞாயிறன்று ஆலயத்திலே வாசித்த கையே, திருமணவீட்டு ஆட்டத்துக்கும் அறுவடை விருந்துக்கும் வாசித்தது. அவர்களுடைய வாழ்க்கையிலும் தெய்வப் பாட்டும் ஊர்ப் பாட்டும் ஒரே கட்டுக்குள் இருந்தன.

நரம்பும் குங்கிலியமும் எங்கிருந்து வந்தன? அவற்றை மட்டுமே விற்கும் நடைவியாபாரி ஒருவன் ஆறு மாதத்துக்கொரு முறை ஊரூராய் வருவான். ஒரு முறை நத்தார்ப் பண்டிகைக்குப் புதிய பாடலொன்றை ஆயத்தம் செய்திருந்த வேளையிலே, அவன் மலைச்சாரலிற் பனியில் அகப்பட்டு வராமற் போய்விட்டானாம். வாசிப்போர் பதறினர். ஈற்றிலே சாட்டைக் கயிற்றையும் சணல் நூலையும் நரம்புக்குப் பதிலாகக் கட்டிச் சமாளிக்க நேர்ந்தது என்று ஊரார் சொன்னதையும் ஹார்டி குறித்து வைத்திருக்கின்றார். சணல் நூலிலே எழுந்த நாதம் எப்படியிருந்திருக்குமோ! ஆனால், பாட்டை நிறுத்திவிடுவோம் என்று அவர்கள் எண்ணவில்லை.

நத்தாருக்கு முந்திய இரவு இக்குழுவினருக்கு ஆண்டின் மிக முக்கியமான இரவு. நள்ளிரவு கழிந்ததும் விளக்குகளோடு புறப்பட்டு, குறிச்சி குறிச்சியாகச் சென்று, வீட்டு வாயில்களிலே நின்று கரோல் கீதம் பாடுவர். வீட்டை விட்டு வெளிவர முடியாத முதியவருக்கும் நோயாளருக்கும் ஆலயமே வாயிலுக்கு வந்ததுபோல் இருந்திருக்கும். அவர்கள் பாடிய மெட்டுகள் பல கிராமத்தவரே அமைத்தவை. கன்றர்பெரி நகரிலே சப்பாத்துத் தைத்த தோமஸ் கிளாக் என்பவர் 1805இல் வெளியிட்ட கிறான்புறூக் என்னும் மெட்டு, இங்கிலாந்தில் நத்தார்ப் பாடலுக்கு வழங்கிப் பின்னர் யோக்செயர் மாவட்டத்தின் நாட்டுப்பாடலுக்கு உரியதாகி, இன்றும் எல்லோரும் அறிந்த மெட்டாக இருக்கின்றது.

இந்த மாடத்தோடு தொடர்புடைய காதற்கதையும் ஒன்று உண்டு. வீட்டுவேலை செய்து பிழைத்த ஜெமைமா என்னும் இளம்பெண், ஆலயத்தில் இருந்தபடி மேலே திரும்பிப் பார்த்தபோது, வயலின் வாசித்துக்கொண்டிருந்த இளைய தோமஸ் ஹார்டியைக் கண்டாள். 1839ஆம் ஆண்டு டிசெம்பரிலே இருவருக்கும் திருமணம் நடந்தது. அவர்களுடைய தலைமகனே நாவலாசிரியர். தாய் தந்தையரின் அந்த முதற் சந்திப்பைப் பொருளாக வைத்து அவர் பிற்காலத்திலே ஒரு கவிதை பாடினார். சிறு குழந்தையாக இருந்தபோதே, தந்தையார் மாலையில் வாசிக்கும் சில மெட்டுகளைக் கேட்டுக் கண்ணீர் விடுவாராம். சிறுவனானதும் தாமும் பிடில் பழகி, தந்தையாரோடு அயலூர் ஆட்டங்களுக்கு வாசிக்கச் சென்றார்.

இனி, குழுவின் இறுதிக் காலத்துக்கு வருவோம். 1837ஆம் ஆண்டிலே பாட்டனார் ஹார்டி காலமானார். ஊரிலே யார் இறந்தாலும் கல்லறையருகே நின்று இசைத்து வழியனுப்பியவர் அவர். அவருடைய அடக்கத்தின்போதோ அத்தகைய இசை எழவில்லை. காரணம், எஞ்சியிருந்த வாசிப்போரே துக்கம் காக்கும் உரித்தாளராக இருந்தனர்.

அதே ஆண்டிலே ஊருக்குப் புதிய குருவானவர் வந்தார். ஆர்தர் சேர்லி என்பது அவர் பெயர். 1891 வரை அங்கே பணிபுரிந்த அவர், ஆலயத்தைச் சீர்திருத்துவதிலே மிக்க ஊக்கமுடையவர். 1833இல் ஒக்ஸ்போட் நகரிலே தொடங்கிய சமய மறுமலர்ச்சி இயக்கம் அப்பொழுது நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தது. வழிபாடு ஒழுங்கும் பயபக்தியும் உடையதாதல் வேண்டும், பாடகர் வெள்ளையங்கி அணிந்து பீடத்துக்கு அருகே அமர்தல் வேண்டும், ஓர்கன் நாதம் முழங்குதல் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. லீட்ஸ் நகரத்தின் புதிய ஆலயத்திலே வெள்ளையங்கிப் பாடகர் குழு புகழோடு தொடங்கியது 1841ஆம் ஆண்டு. ஸ்ரின்ஸ்போட்டின் பிடில்கள் ஓய்ந்ததும் அதே 1841 என்றே பித்தளைத் தகடு கூறுகின்றது. தலைவரை இழந்து தளர்ந்திருந்த குழு, புதிய காற்றுக்கு ஈடுகொடுக்கமாட்டாமல் ஓய்ந்தது. பின்னர் மாடமும் அகற்றப்பட்டது.

சீர்திருத்தம் செய்தோரை முற்றாகக் குறைகூறுதல் நியாயமாகாது. மாடத்துக் குழுக்களிலே குறைகள் இருந்தன. குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிப் பாடும் மெட்டுகளிலே, சங்கீதத்தின் பொருள் சபையாருக்கு விளங்காமற் போனதுண்டு. சபையாரைப் பாடவிடாமல் குழுவினரே எல்லாவற்றையும் பாடிவிடுகின்றனர் என்ற முறைப்பாடும் இருந்தது. இவற்றையெல்லாம் ஹார்டி மறைக்கவில்லை. அவருடைய சிறுகதையொன்றிலே, கடுங்குளிரான ஒரு நத்தார்க் காலப் பிற்பகலில், மாடத்துக் குழுவினர் உடலைச் சூடாக்கிக்கொள்ள மதுவை அருந்தி, பிரசங்கத்தின்போது உறங்கிவிடுகின்றனர். திடீரென விழித்தவர்கள், முந்தின இரவு வாசித்த ஆட்ட விருந்திலேயே இன்னும் இருப்பதாக எண்ணி, துள்ளல் நடனமெட்டொன்றை வாசிக்கத் தொடங்குகின்றனர். ஊர்ப் பெருநிலக்காரர் சினந்து, கைப்பிடியைச் சுழற்றினால் தானே இசைக்கும் உருளை ஓர்கன் ஒன்றை வரவழைக்கின்றார். இருபத்திரண்டு சங்கீத மெட்டுகளை மாத்திரமே அது இசைக்கும். எவ்வளவு தீய எண்ணத்தோடு சுழற்றினாலும் நடனமெட்டு வராது! சிரிப்பூட்டும் கதைதான். ஆயினும் அந்த ஊராரின் இசை அத்துடன் முடிந்துவிடுகின்றது என்பதை எண்ணும்போது சிரிப்பு அடங்கிவிடுகின்றது.

1872இல் ஹார்டி வெளியிட்ட அண்டர் த கிறீன்வுட் ட்றீ என்னும் நாவலே இக்குழுவைப் பற்றிய அவருடைய முக்கியமான படைப்பு. மெல்ஸ்ரொக் என்று அவர் பெயர் மாற்றிய ஊர் ஸ்ரின்ஸ்போட்டே. அதிலே இளம் குருவானவர் ஒருவர், பழைய குழுவை விலக்கிவிட்டு, புதிதாக வந்த ஆசிரியையைக் கருவி வாசிக்கச் செய்ய எண்ணுகின்றார். செய்தியறிந்த குழுவினர் கூட்டமாக அவருடைய இல்லத்துக்குச் செல்கின்றனர். சண்டையிடுவதற்கன்று; ஒரே ஒரு வேண்டுகோளோடு. தங்களை விலக்குவதானால், பெயர் தெரியாத ஏதோ ஒரு ஞாயிறன்று ஓசையின்றி நீக்கிவிடாமல், ஒரு திருநாள் வரை பொறுத்து, மரியாதையோடு விடைதர வேண்டும் என்பதே அது. குருவானவரும் இணங்கி, செப்டெம்பர் மாதக் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் வரை தவணை கொடுக்கின்றார். தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

இக்கதையை இலேசாகவும் வேடிக்கையாகவும் எழுதிவிட்டோமோ, அம்மனிதருடைய உண்மை வாழ்க்கை இன்னும் ஆழமான ஆராய்ச்சிக்கு உரியதல்லவா என்று, நாற்பதாண்டுகளுக்குப்பின் 1912இல் எழுதிய குறிப்பிலே ஹார்டி வருந்தினார். 1896இன் முன்னுரையிலோ அவர் இவ்விடயத்தின் உட்கருத்தையே எடுத்துக்காட்டினார். பழைய முறையிலே ஆறு முதல் பத்து வரையான வாசிப்போரும், அவரோடு பாடகர் பலரும், ஞாயிறுதோறும் ஆலயப் பணியிலே நேரடியாக ஈடுபட்டிருந்தனர். அவர்களுடைய மனைவி மக்களும் அயலவரும் அதனால் ஆலயத்தின்மீது பற்றுக்கொண்டிருந்தனர். இவர்கள் எல்லோருடைய இடத்திலும் தனியொருவர் கருவியின் முன் அமர்ந்தபோது, இசை திருந்தியிருக்கலாம். ஊராருக்கு ஆலயக் காரியங்களிலிருந்த அக்கறையோ குன்றிவிட்டது என்பது அவர் கண்ட முடிவு.

நேயர்களே, இக்கருத்தை நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். குழு கலைந்ததனால் எத்தனை பேர் ஒரே நாளிலே செய்வோர் என்ற நிலையிலிருந்து கேட்போர் என்ற நிலைக்கு வந்துவிட்டனர்! இரவிலே விளக்கடியில் சுரம் எழுதுவதற்கு இனித் தேவையில்லை. வியாபாரி நரம்பு கொண்டுவர வேண்டியதில்லை. தந்தை மகனுக்கு வில் பிடிக்கக் கற்பிக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் இல்லாமற் போனதை ஆலயத்தின் கணக்குப் புத்தகம் நட்டமாக எழுதுவதில்லை. ஆனால் ஊரின் வாழ்விலே அது பெரு நட்டம்.

இங்கிலாந்தின் இந்த மாற்றம் அந்நாட்டோடு நின்றுவிடவில்லை. பிரெஞ்சு நாட்டிலே அலெக்சாந்தர் டெபேன் என்பவர் 1842இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், கிராமப் பிடில்களின் இடத்தைப் பிடித்ததோடு, கடல் கடந்து நம் நாடுகளுக்கும் வந்து, ஆலயத்திலும் நாடகக் கொட்டகையிலும் இடம்பெற்றது. 1861இல் வெளிவந்த ஹிம்ஸ் ஏன்சியன்ற் அன்ட் மொடேண் என்ற பாடல்நூல், மாடத்து மெட்டுகளை மறக்கச் செய்தது. இலங்கையின் அங்கிலிக்கன் ஆலயங்களிலே ஆங்கில ஆராதனைக்குப் பயன்பட்டதும் அதுவே.

அக்காலத்திலே தமிழ்நாட்டிலும் ஆலயத்திலே யாருடைய பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. பாட்டனார் ஹார்டியின் காலத்தவரே தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். 1774இற் பிறந்து 1864 வரை வாழ்ந்த அவர், 1800ஆம் ஆண்டிலே பெத்தலகேம் குறவஞ்சியை இயற்றினார். கிறிஸ்தவப் பொருளைத் தமிழ் இராகத்திலும் தமிழ்ப் பாவகையிலும் அமைத்துப் பாடிவந்த அவருக்கும், பின்வந்த இளம் மிசனரிமாருக்கும் இடையே, சாதி வழக்கம் பற்றியும் தமிழ்ப்பாட்டுப் பற்றியும் பிணக்கு நேர்ந்தது. சாதி வழக்கத்தைக் கண்டித்ததிலே மிசனரிமார் பக்கம் நியாயமுண்டு. பாட்டின் காரியத்திலோ காலம் சாஸ்திரியார் பக்கமே நின்றது. அவருடைய சந்ததியார் அப்பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்தனர். 1853இலே மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வேட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ் ஆலயங்களிலே அக்கீர்த்தனைகளைப் பாடுவோர், பாடுவோரின் நாவிலே தங்கியதனால் பிழைத்த ஒரு செல்வத்தையே அனுபவிக்கின்றனர்.

இங்கிலாந்திலும் முழுவதும் அழிந்துவிடவில்லை. செபீல்ட் நகரைச் சூழ்ந்துள்ள சில ஊர்களிலே, ஆலயத்திலிருந்து தள்ளப்பட்ட பழைய நத்தார்ப் பாடல்கள் மதுச்சாலைகளிலே புகலடைந்தன. இன்றும் நவம்பர் நடுப்பகுதி முதல் நத்தார் வரை ஊரார் அங்கே கூடி அவற்றைப் பாடுகின்றனர். ஹார்டி குடும்பத்தாரின் கையெழுத்து இசைநூல்கள் டோர்செஸ்ரர் அரும்பொருட்சாலையிலே பேணப்படுகின்றன. 1990இல் மேற்கு மாட இசையை ஆராய்வதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அந்தக் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, பழைய மெட்டுகளை மறுபடியும் வாசித்தனர். விளக்கொளியிலே ஒரு கொத்தனார் தம் கையாற் கிழித்த கோடுகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் நாதமாயின.

ஹார்டி 1928ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் காலமானார். நாடு அவரை வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்திலே அடக்கஞ் செய்ய விரும்பியது. அவரோ தம் ஊரிலே, தம்மவரோடு இருக்கவே விரும்பியவர். ஈற்றிலே சாம்பல் பேராலயத்துக்கும், இதயம் ஸ்ரின்ஸ்போட்டுக்கும் என முடிவாயிற்று. ஜனவரி 16ஆம் நாள், இலண்டனிலே அரசியற்றலைவரும் எழுத்தாளரும் கூடிநின்ற அதே வேளையில், ஸ்ரின்ஸ்போட் ஆலய முற்றத்திலே அவருடைய இதயம் மண்ணுள் வைக்கப்பட்டது. பிடில் வாசித்த தந்தையாரும் பாஸ் வயல் வாசித்த பாட்டனாரும் அந்த முற்றத்திலேயே துயில்கின்றனர்.

வானொலியிற் பேசுகின்ற நான் இதைச் சொல்வது சற்று விந்தையாகத் தோன்றலாம். உருளை ஓர்கனைவிடப் பன்மடங்கு சிறந்த கருவிகள் இன்று நம் வீடுகளில் உள்ளன. உலகின் தலைசிறந்த பாடகரை நினைத்த நேரத்திலே கேட்கின்றோம். அது நல்லதே. ஆயினும், அவரைப்போல் நம்மாற் பாட முடியாது என்று நாம் வாய்மூடிக்கொண்டால், ஸ்ரின்ஸ்போட் மாடத்துக்கு நேர்ந்த கதியை நாமே நமக்குத் தேடிக்கொள்வோம். உங்கள் ஊரிலே ஆலயப் பாடகர் குழு இருக்கலாம். பசனைக் கூட்டம் இருக்கலாம். கூத்து மன்றம் இருக்கலாம். அங்கே ஒரு முதியவர் பழுதான சுருதிப்பெட்டியோடு சிறுவர் நால்வருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். குரல் தேறவில்லை, தாளம் தவறுகின்றது என்று சொல்லி அவரை ஓய்வுபெறச் செய்வது எளிது. அவரிடமுள்ள கொப்பியை வாங்கிப் பிரதி செய்வதும், முன்பு பாடியவர் யார் எவரெனக் கேட்டு எழுதி வைப்பதும், உங்கள் பிள்ளையை அவரிடம் அனுப்புவதும் அதைவிடக் கடினமான காரியங்களல்ல.

பாட்டனார் ஹார்டி புதிய ஊருக்கு வந்து, ஆலயத்து இசை சீர்கெட்டிருக்கக் கண்டபோது, தம் கருவியை எடுத்துக்கொண்டு மாடப்படி ஏறினார். அதனாலேயே நாற்பதாண்டுகள் அந்த ஊர் பாடிற்று.